கரையோரத்துப் பிராந்துகளும் எங்கள் கமராவும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவின்போது கல்லூரி மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எங்களைப் பேச அழைத்தபோது, வைத்தியர்கள் என்பதால் நீரிழிவைப் பற்றியோ, மாதவிடாய் நின்ற பின்னர் எலும்பு தேய்வதைப் பற்றியோ கேட்பார்கள் என்றுதான் எண்ணினோம். அவர்கள் கேட்டது பிராந்துகளைப் பற்றி. ஞாயிறு விடியற்காலையில் கமராவும் தோளுமாக நாங்கள் ஓட்டோவில் போவதை யாரோ கண்டு சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் 1998 ஆம் ஆண்டு உயர்தர வகுப்பில் ஒரே வாங்கில் இருந்த மூவர். இருவர் வைத்தியர்கள், மற்றவர் விஞ்ஞான ஆசிரியை. நீரிழிவைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் தேநீர் இடைவேளையில் வரலாம்.

பறவைகளில் ஏன் பிராந்து, ஏன் வல்லூறு என்று எங்களைக் கேட்காதவர்கள் இல்லை. பூநாரையைப் படம் பிடித்தால் எல்லோருக்கும் பிடிக்கும். செம்பருந்தைப் படம் பிடித்துக் காட்டினால், "இது எங்கடை கோழிக்குஞ்சைத் தூக்கினது" என்பார்கள். மணற்காட்டில் ஒரு வயதான அம்மா எங்களிடம், "பிள்ளையள், உந்தக் கள்ளனையோ படம் பிடிக்கிறியள்? பொலிசுக்குக் குடுக்கவோ?" என்று கேட்டார். அதே அம்மா கோயில் கொடியேற்றத்தில் அதே பறவை வட்டமிட்டால் கருடன் வந்துவிட்டார் என்று கைகூப்புவார். கோழிக்குஞ்சைத் தூக்குவது பெரும்பாலும் வல்லூறு. செம்பருந்து மீன், நண்டு, செத்தது, சந்தைக் கழிவு என்று கிடைத்ததைப் பொறுக்கித் தின்னும். கள்ளப் பெயர் மட்டும் அதற்கு.

இந்த மண்டபத்தில் சொல்லவேண்டிய இன்னொரு காரணமும் உண்டு. இரைபிடிக்கும் பறவைகளில் பெரும்பாலும் பெண்தான் பெரியது. வல்லூறிலும் கடற்கழுகிலும் அப்படித்தான். பொரி வல்லூறில் ஆணைவிடப் பெண் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரியது. (இதைச் சொன்னதும் பின்வரிசையில் கைதட்டல் எழுந்தது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும்.)

எங்கள் பக்கத்தின் சிறப்பைத் தெற்கில் இருப்பவர்களே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். கரும்பருந்து, அதாவது வால் நடுவில் கவர் பிரிந்த அந்தக் கபிலப் பிராந்து, கொழும்பில் காண்பது அரிது. புத்தளத்திலிருந்து மன்னார், யாழ்ப்பாணம் வரையான கரையில் அது சாதாரணம். செம்பருந்தின் குஞ்சும் கபில நிறமானபடியால் புதிதாகப் பார்ப்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். வாலைப் பாருங்கள்: செம்பருந்தின் வால் வட்டமாக முடியும், மற்றதன் வால் வெட்டுப்பட்டிருக்கும். பிராந்துப் பட்டம் கட்டிய எங்கள் அண்ணன்மாருக்கு இந்த வால் நன்றாகத் தெரியும்.

மாரி தொடங்கியதும் விருந்தாளிகள் வருவார்கள். நாவற்குழி, கைதடி, தனங்கிளப்பு வயல்வெளிகளிலும் தரவைகளிலும் பூனைப்பருந்துகள் நெற்கதிருக்குச் சற்று மேலே, தாழ்வாக, இங்குமங்குமாகச் சாய்ந்து பறக்கும். மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து வருபவை. ஆந்தையைப் போல முகத்தைச் சுற்றி வட்டமான இறகு வளையம் உண்டு. புல்லுக்குள் எலி ஓடும் சத்தத்தை அது காதுக்குத் திரட்டிக் கொடுக்கும். அந்த வெளியை 1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு மழையில் நாங்கள் நடந்து கடந்தோம். இங்கிருக்கும் பலர் கடந்தீர்கள். அந்நாட்களில் வானத்தில் எது பறந்தாலும் பதுங்குகுழிக்குள் இறங்குவோம். இப்போது அதே வெளியில் வானத்தைப் பார்த்தபடி இரண்டு மணித்தியாலம் இருக்கிறோம். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

இனி, படம் பிடிக்கும் விதம். இளையவர்கள் கேட்டிருந்தபடியால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

நடந்து போகாதீர்கள். இதுவே முதற்பாடம். வாகனத்தைப் பறவை அவ்வளவாகப் பொருட்படுத்தாது, இரண்டு காலில் வரும் மனிதரைக் கண்டால்தான் எழும்பும். எங்களுக்கு ஓட்டோதான் மறைவிடம். எங்கள் ஓட்டோ அண்ணை முதல் நாள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்தார். இப்போது, "டொக்டர், வலப்பக்கம் மூண்டாம் போஸ்ரிலை வெள்ளை ஒண்டு நிக்குது" என்று அவரே என்ஜினை நிறுத்திவிடுகிறார். அந்த வெள்ளை கருந்தோள் பருந்து. சாம்பல் கலந்த வெள்ளை உடல், கறுத்த தோள், சிவந்த கண். மின்கம்பியில் இருந்து வயலைப் பார்க்கும். பிறகு வானத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கால்களைத் தொங்கவிட்டு, எலியின் மேல் இறங்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஒரே இடத்தில் நிற்பதால் குவியம் சரிபார்க்க நேரம் தரும்.

நடந்து போகாமைக்கு எங்கள் பக்கத்தில் வேறொரு காரணமும் இருக்கிறது. முகமாலை, பூநகரிப் பக்கங்களில் மண்டையோட்டுப் பலகைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். பறவை எவ்வளவு கிட்ட இருந்தாலும் வாகனத் தடத்தை விட்டு இறங்குவதில்லை. மிதிவெடியில் கால் போனவர்களைச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் கண்டவர்களுக்கு இதை இரண்டாம் தரம் சொல்லவேண்டியதில்லை.

வெளிச்சம் காலை எட்டரை வரைதான். அதற்குப் பின் தரவையிலிருந்து எழும் வெக்கையில் படம் நெளியும். எவ்வளவு விலையான கமராவும் அதைத் திருத்தாது. செம்பருந்தின் தலையும் நெஞ்சும் பால்வெள்ளை, முதுகு செங்காவி. கமராவின் கணிப்பை அப்படியே நம்பினால் தலை வெறும் வெள்ளைக் கடதாசியாகிவிடும். ஒரு படி இருட்டாக வைத்து எடுங்கள். பறக்கும் பறவைக்குச் செக்கனின் 2000 இல் ஒரு பங்கு வேகம் வேண்டும். விராலடிப்பான் நீரில் விழும் கணத்துக்கு அதுவும் போதாது. கால்களை முன்னே நீட்டிக்கொண்டு விழுந்து, மீனோடு எழும்பி, ஒருமுறை நாயைப் போல் உடம்பை உதறும். பிறகு மீனின் தலையை முன்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போகும், காற்றுத் தடை குறையட்டும் என்று. தொண்டைமானாற்றுப் பக்கம் ஒரு திரளி மீன் அப்படித் தலை முன்னாக ஆகாயத்தில் போவதை எடுத்த படம் விறாந்தையில் இருக்கிறது. நாங்கள் எடுத்ததில் எங்களுக்கே பிடித்த படம் அதுதான்.

உப்புக் காற்றைப் பற்றி எச்சரிக்க வேண்டும். வில்லைக்குள் பூஞ்சணம் பிடித்தால் பணமும் போய்விடும், மனமும் நொந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் மெல்லிய ஈரத்துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட இறுக்கமான பெட்டிக்குள் வையுங்கள்.

இவையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். புத்தகத்தைவிட வோர்ட்டில் நாங்கள் நன்றாகக் கற்றது, ஒரு உயிர் அவதிப்படுவதைப் பார்த்து அறிவது. நோயாளி வாய் திறந்து சொல்லுமுன் மூச்சின் வேகமும் முகமும் சொல்லிவிடும் அல்லவா? பிராந்தும் சொல்லும். ஆறுதலாக இருக்கும் பறவை ஒற்றைக் காலில் நிற்கும், சிறகைக் கோதும், எங்களைப் பார்க்காது. எங்களைப் பார்க்கத் தொடங்கினால் உடம்பு நிமிர்ந்து ஒல்லியாகும். தலையை மேலும் கீழுமாக ஆட்டித் தூரத்தை அளக்கும். எச்சம் போடும், முன்னே சாயும். அந்த நிலைக்கு வருமுன் ஓட்டோ பின்னுக்குப் போக வேண்டும். சிலர் அந்தக் கணத்துக்காகவே கல்லெறிந்து பறக்கவைத்துப் படம் எடுப்பதைக் கண்டிருக்கிறோம். இன்னும் சிலர் கோழிக் குடலைப் போட்டு வரவழைக்கிறார்கள். மலேசியாவில் லங்காவித் தீவுக்குச் சுற்றுலா போனவர்கள் படகுக்குப் பின்னால் கோழித்தோல் எறிந்து நூற்றுக்கணக்கான பிராந்துகளை இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். படம் நன்றாகத்தான் வரும். அது எங்களுக்கு வேண்டாம்.

கூடு வேறு விஷயம். இனிச் சொல்லப்போவது அதைத்தான், அதுவும் இங்கே வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்காகவும், இந்த மலரைத் தூரத்தில் இருந்து வாசிக்கப்போகிறவர்களுக்காகவும்.

வலிகாமம் வடக்கில் 1990 இல் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஆம் ஆண்டு ஆடியில்தான், 27 வருடங்களுக்குப் பின், திறந்தது. அந்தப் பக்கத்தில் காணி உள்ள ஒரு அக்கா, எங்களைவிடப் பல வருடம் மூத்த பழைய மாணவி, ரொறன்ரோவிலிருந்து 2018 மாசியில் எங்களுக்கு அழைத்தார். "பிள்ளையள், அந்த இலுப்பை இன்னும் நிக்குதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. அதுக்குக் கீழைதான் எங்கடை கிணறு. ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ" என்றார்.

போனோம். வீடு இல்லை. அத்திவாரக் கல்வரிசையும் சீமெந்துப் படி இரண்டும் இருந்தன. வேலிக்கரையெல்லாம் நாயுண்ணிப் பற்றை. இலுப்பை நின்றது, கிணறும் தூர்ந்தபடி கிடந்தது. ஒழுங்கையில் நின்று பத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். இரவு அவற்றைக் கணினியில் பெருப்பித்துப் பார்த்தபோதுதான் உச்சிக் கவரில் சுள்ளிக் குவியல் தெரிந்தது, கட்டிலளவு. அதற்குள்ளிருந்து கபில நிறத் தலையொன்று எட்டிப் பார்த்தது. வெண்வயிற்றுக் கடற்கழுகின் குஞ்சு. சிறகை விரித்தால் இரண்டு மீற்றர் வரும் பறவை அது. சாம்பல் முதுகும் வெள்ளை வயிறுமாக, சிறகை மேல்நோக்கி வளைத்து மிதக்கும். வழக்கமாக இரண்டு முட்டை இடும், ஒரு குஞ்சு மிஞ்சும். அடைகாக்க ஏறக்குறைய ஆறு கிழமை, குஞ்சு கூட்டைவிட்டுப் பறக்க மேலும் 70, 80 நாட்கள். இடையில் ஆட்கள் அடிக்கடி போய் வந்தால் கூட்டைக் கைவிட்டுவிடக்கூடிய பறவை. தாய் எழும்பிப் போய்விட்டால் உச்சி வெயிலும் காகமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

காணியைத் துப்புரவாக்கி, கிணறு இறைத்து, மரத்தைத் தறித்து வீடு தொடங்க அக்காவின் தம்பி அடுத்த கிழமை வருவதாக இருந்தது. நாங்கள் அக்காவுக்குப் படத்தை அனுப்பி, கூட்டைப் பற்றியும் எழுதினோம். இரவே தொலைபேசி வந்தது.

"நாங்கள் இருபத்தேழு வருசம் வெளியிலை நிண்டனாங்கள். அம்மா அந்தக் காணியைக் காணாமலே செத்துப்போனா. இப்ப ஒரு பிராந்துக்காக இன்னும் நிக்கச் சொல்லுறியளோ?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை. ஆட்கள் போக முடியாமல் இருந்தபடியால்தான் அந்த மரம் கழுகுக்குக் கிடைத்தது. எங்கள் அழகான படங்கள் சிலவற்றில் பின்னால் மங்கலாகத் தெரியும் பச்சை, யாரோ ஒருவரின் கோடி. உலகத்தின் வேறு இடங்களில் காட்டுயிர்ப் படம் பிடிப்பவர்கள் இந்தச் சங்கடத்தை அறிவார்களோ தெரியாது. சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பறவையோடு கூட்டையும் முட்டையையும் பாதுகாக்கிறது. அதை அந்த அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை.

மூன்று நாள் கழித்து வட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "எத்தனை கிழமை?" குஞ்சின் இறகு வளர்ச்சியைப் படத்தில் பார்த்து, ஐந்து அல்லது ஆறு என்று எழுதினோம். தம்பி வந்தார், முறுமுறுத்தார். வேலையைக் காணியின் மறு அந்தத்திலிருந்து, மதில் கட்டுவதில் தொடங்கினார். கிணற்றடிக்குப் போக முடியாதபடியால் சீமெந்து குழைக்க பவுசரில் தண்ணீர் எடுப்பித்தார்கள். அந்தச் செலவு முழுவதும் அக்காவின் கையால்தான். நாங்கள் ஞாயிறுகளில் ஒழுங்கை முடக்கில், ஏறக்குறைய 120 மீற்றர் தள்ளி, ஓட்டோவுக்குள் இருந்து எடுத்தோம். தாய் கடற்பாம்பொன்றைக் கொண்டுவந்து கிழித்துக் கொடுத்தது, குஞ்சு கூட்டின் விளிம்பில் நின்று சிறகடித்துப் பழகியது, மேசன்மாரின் வானொலிச் சத்தத்துக்கு இரண்டும் ஒன்றாகத் தலை திருப்பியது, எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. பங்குனிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, வோர்ட் சுற்றின் நடுவில், தம்பி அழைத்தார்: "உங்கடை பிள்ளை இண்டைக்கு இறங்கியிட்டுது. பக்கத்து வளவுப் பூவரசிலை நிண்டு கத்துது. தாய் சாப்பாட்டைக் காட்டிக் காட்டிக் கூப்பிடுது." முறுமுறுத்த மனிதர்தான்.

மரம் தறிபடவில்லை. வீட்டுப் படத்தை வரைந்தவர் குசினியை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். குடிபூரலுக்கு அக்கா வந்து இலுப்பையின் கீழ்க் கதிரை போட்டு இருந்தார். ஆனால் கழுகுகள் அடுத்த வருடம் அந்த மரத்துக்கு வரவில்லை. வேறோர் இடத்தில் தொலைபேசிக் கோபுரத்தின் உச்சியில் கட்டின. அது அதே சோடிதானா என்று அக்கா ஒவ்வொரு வருடமும் கேட்கிறார். காலில் வளையமிடாத பறவையை அப்படி அடையாளம் சொல்ல முடியாது என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறோம்.

ஆகவே, ஊரில் காணி உள்ள அக்காமாரே, துப்புரவாக்க ஆள் விடுவதற்கு முன், பெரிய மரத்தின் உச்சியை ஒருவரைக் கொண்டு படம் எடுப்பித்துப் பாருங்கள். கைத்தொலைபேசிப் படம் போதும். ட்ரோன் வேண்டாம், கழுகு அதை எதிரி என்று எண்ணித் தாக்கும், இல்லாவிட்டால் கூட்டைவிட்டு எழும்பும். கூடு இருந்தால் கிழமைக் கணக்குத்தான் கேட்கிறோம், வருடக் கணக்கு அல்ல.

தைப்பொங்கலைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவை உலகமெல்லாம் பார்க்கிறது, எங்களுக்கும் பெருமைதான். வடகீழ்ப் பருவக்காற்றுத்தான் பட்டத்தையும் ஏற்றுகிறது, பூனைப்பருந்தையும் பொரி வல்லூறையும் இங்கே வைத்திருக்கிறது. முந்தி நூல் அறுந்தால் மழையில் உக்கிப்போகும். நைலோனும் தங்கூசியும் உக்காது. ஒரு தை மாதம் பனங்கூடல் ஒன்றில் இளம் செம்பருந்து தலைகீழாகத் தொங்கியது. சீவல் தொழில் செய்யும் ஒரு அண்ணை ஏறி இறக்கித் தந்தார். தையல் வெட்டும் கத்தரிக்கோலால் நூலை அறுத்தோம். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் இருக்கும் அந்த மெல்லிய தோல் கிழிந்து எலும்பு தெரிந்தது. மனிதக் கை என்றால் தைத்துவிடுவோம். பறவைக்கு அந்தத் தோல்தான் சிறகின் முன்விளிம்பு. இழுத்துத் தைத்தாலும் பழைய பறப்பு வராது. மிருக வைத்தியர் தன்னால் இயன்றதைச் செய்தார். ஐந்தாம் நாள் இறந்தது.

தொங்கிய நிலையில் ஒரேயொரு படம் எடுத்திருந்தோம். எங்களில் ஆசிரியையாக இருப்பவர் அதைத் தன் வகுப்பில் காட்டினார். இப்போது அவருடைய பிள்ளைகள் பொங்கல் முடிந்த கிழமை வேலிகளிலும் வடலிகளிலும் சிக்கிய நூலைச் சேர்த்து வருகிறார்கள். சென்ற முறை இரண்டு உரப்பை நிறைந்தது. அவர்களில் பாதிப்பேர் பட்டம் விடும் வீட்டுப் பிள்ளைகள்தான்.

நாங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் திகதி, இடம், நேரம், குஞ்சா வளர்ந்ததா, என்ன செய்தது என்று கொப்பியில் எழுதுகிறோம். நோயாளியின் கட்டில் சீட்டு எழுதிப் பழகிய கை. கூடு தவிர்ந்தவற்றை ஈபேர்ட் தளத்தில் பதிகிறோம். இது எதற்கு என்றால், மன்னாரைப் பாருங்கள். தீவின் தென்கரையில் 2020 இறுதியில் திறக்கப்பட்ட தம்பபவனியில் 30 காற்றாலைகள். அதற்கு மேலும் அமைப்பதா என்ற வழக்கும் போராட்டமும் உங்களுக்குத் தெரியும். மின்சாரம் வேண்டாம் என்று இரவில் சத்திரசிகிச்சை செய்பவர்கள் சொல்ல முடியாது. ஆனால் மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகளின் பாதை அது, வங்காலைச் சரணாலயம் 2010 முதல் றம்சார் ஈரநிலம். இரை தேடும் பிராந்து கீழே பார்த்துக்கொண்டே பறக்கும். எதிரே சுழலும் தகடு அதன் கவனத்தில் இல்லை. எங்கே எத்தனை பறந்தன, எந்த மாதத்தில், எவ்வளவு உயரத்தில் என்று யாராவது கேட்கும்போது, காட்டுவதற்குத் திகதியிட்ட படங்கள் இருக்க வேண்டும்.

கணக்கு இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை எங்கள் தொழிலே அறியும். எங்கள் நாட்டில் பிணந்தின்னிக் கழுகு குடியிருப்பதில்லை. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் கோடிக்கணக்கில் இருந்தவை 1990 களில் மளமளவென்று செத்தன. ஏதோ கிருமி என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2004 இல்தான் காரணம் உறுதியானது: மாடுகளுக்கு ஊசியாகப் போட்ட டைக்ளோபினாக். அந்த மாடு செத்தபின் அதன் இறைச்சியைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்தது. மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் நாங்கள் நாளாந்தம் எழுதிக்கொடுக்கும் அதே மருந்து. இந்தியா 2006 இல் மிருகங்களுக்கு அதைத் தடைசெய்தபோது மிஞ்சியிருந்தவை மிகச் சில. எங்கள் வயல்களில் எலிக்கு வைக்கும் நஞ்சைப் பற்றி எங்களுக்கு இதே கவலை இருக்கிறது. நஞ்சு தின்ற எலி தள்ளாடும். தள்ளாடும் எலிதான் கருந்தோள் பருந்தின் கண்ணில் முதலில் படும். கமக்காரர்களிடம் பேசும்போது ஒரு பருந்து நாளாந்தம் எலி பிடிக்கும் படங்களைத்தான் காட்டுகிறோம். பேச்சைவிட அது எடுபடுகிறது.

விறாந்தையில் 40 படங்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஊரின் பெயர் இருக்கிறது. உங்கள் ஊர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் சொல்லுங்கள், வரும் மாரிக்கு அங்கே போவோம். கூட்டின் படம் ஒன்றும் அங்கே இல்லை. இலுப்பை மரத்துக் குஞ்சைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மடிக்கணினியில் காட்டுவோம். இப்போது கூடு கட்டியிருக்கும் கோபுரம் எது என்று மட்டும் கேட்காதீர்கள்.